நான் மொழிபெயர்க்காமல் விட்ட வசனம்

போன மாதம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைப் பற்றி எழுதியிருந்தேன். "தமிழ் படிச்சு எனக்கு என்ன பிரயோசனம்?" என்று பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். இந்த மாதம் எனக்கு ஒரு பதில் கிடைத்தது. கிடைத்த விதம்தான் நல்லதாக இருக்கவில்லை.

மூன்று கிழமைக்கு முன் ஒரு வியாழக்கிழமை காலை. வேலையில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். அம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது, எடுக்கவில்லை. உடனே திரும்பவும் வந்தது. அம்மா ஒருநாளும் இரண்டு தரம் தொடர்ந்து அடிக்க மாட்டா. வெளியே வந்து எடுத்தேன்.

"பிள்ளை, அப்பாவுக்கு நெஞ்சு இறுக்குதாம். வேர்த்துக் கொட்டுது. தம்பியைப் பள்ளிக்கூடத்திலை விட்டிட்டு ஏத்தத்திலை நடந்து வந்தவர்."

"ஸ்ப்ரே அடிச்சவரோ?"

"ரெண்டு தரம் அடிச்சாச்சு. குறையேல்லை."

"ஃபோனை வைச்சிட்டு 999க்கு அடியுங்கோ. அவரை இருத்தி வையுங்கோ. நான் வாறன்."

தம்பி என்பது என் எட்டு வயது மகன். பள்ளிக்கூடத்தில் அவனை விடுவதும் கூட்டி வருவதும் அப்பாவின் வேலை. 67 வயதில் அவர் விரும்பிச் செய்கிற வேலை அதுதான்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அப்பா அவசரப் பிரிவில் கட்டிலில் சாய்ந்திருந்தார். வலி குறைந்திருந்தது. நெஞ்சில் ஈசிஜி வயர்கள். திரையில் நாடித்துடிப்பு 104. இளம் டொக்டர் ஒருவர் மருந்துப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இவர் பிசோப்ரோலோல் எடுக்கிறவர், அப்படியென்றால் நாடி இவ்வளவு வேகமாக இருக்கக் கூடாதே" என்றார். நான் அப்பாவைக் கேட்டேன்.

"அப்பா, குளிசை எல்லாம் ஒழுங்காப் போடுறீங்களோ?"

அப்பா மேலே பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "ஒண்டை மட்டும் நிப்பாட்டிப்போட்டன்."

"எப்ப?"

"சனிக்கிழமை."

"ஏன்?"

அவர் இடது கையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். அந்தக் கையில் நான் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் மணிக்கூடு.

அதைக் கட்டிவிட்டதும் நான்தான், அதில் எல்லாம் ஒழுங்கு செய்து கொடுத்ததும் நான்தான். இதயத்துடிப்பு எந்த அளவுக்குக் கீழே போனால் எச்சரிக்க வேண்டும் என்று அது கேட்டபோது, அவர் போடும் மருந்தைப் பற்றி யோசிக்காமல் 50 என்று போட்டுவிட்டேன். சனிக்கிழமை விடியப்புறம் அப்பா நித்திரையில் இருக்கும்போது அது அதிர்ந்திருக்கிறது. எழும்பிப் பார்த்தால் 48.

"இதயத்தை மெதுவா அடிக்க வைக்கிற குளிசை எண்டு நீதானே பிள்ளை சொன்னனீ. 48 எண்டால் நிண்டுபோற அளவுக்கு வந்திட்டுது எண்டு நினைச்சன். உனக்குச் சொன்னால் நீ வேலையை விட்டிட்டு ஓடி வருவாய்."

அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் அவர் செய்ததில் ஒரு பிழையும் தெரியவில்லை. கையிலிருந்த இரண்டு தகவலை வைத்து யாரும் எடுக்கக்கூடிய முடிவைத்தான் அவரும் எடுத்திருக்கிறார். அவரிடம் இல்லாதது மூன்றாவது தகவல். அது அவரிடம் போய்ச் சேராமல் போனது என்னால்.

ஏழு வருடத்துக்கு மேலாகிறது. அப்பாவுக்கு நடந்தால் நெஞ்சு இறுக்கம் வரத் தொடங்கி, அஞ்சைனா என்று கண்டுபிடித்த நேரம். எங்கள் ஜிபி இந்தக் குளிசையை எழுதிக் கொடுத்த நாளில் மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். எட்டு வயதிலிருந்தே வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான். வங்கிக் கடிதம், பாடசாலைக் கூட்டம், டொக்டர் எல்லாம் என் பொறுப்பு. உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அன்று தம்பி பத்து மாதக் குழந்தை, என் மடியில் இருந்து கத்திக்கொண்டிருந்தான். டொக்டர் மூன்று விஷயம் சொன்னார். இந்தக் குளிசை என்ன செய்யும், என்ன பக்கவிளைவு வரலாம், இதை ஒருபோதும் திடீரென்று நிறுத்தக் கூடாது. நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னது இவ்வளவுதான்: "ஒவ்வொரு நாளும் காலமை ஒண்டு போடட்டாம். இதயத்தை ஆறுதலா அடிக்க வைக்குமாம்."

மூன்றாவது வசனம் குழந்தையின் அழுகையில் போய்விட்டது. குளிசைப் பெட்டிக்குள் இருக்கிற தாளில் அது அச்சாகித்தான் இருக்கிறது. அமெரிக்காவில் அட்டெனலோல் போன்ற இந்த வகைக் குளிசைகள் சிலவற்றின் தகவல் தாளில் இதையே கறுப்புக் கட்டம் போட்டு அச்சடிக்கிறார்கள். ஆனால் அது ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். அப்பா அதைப் படிக்கப் போவதில்லை. ஆகவே அந்த வசனத்தை இன்று முழுதாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் யாருக்காவது தேவைப்படலாம்.

பயம், கோபம், ஓட்டம் எது வந்தாலும் உடம்பு அட்ரினலினையும் அதன் உறவான நோர்அட்ரினலினையும் விடுகிறது. இதயத் தசையின் மேல் அவற்றுக்கென்றே பீட்டா ஏற்பிகள் என்று சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. அட்ரினலின் அந்த வாசலுக்குள் வந்தால் இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கும். பிரஷர் ஏறும். பீட்டா புளொக்கர் குளிசை செய்வது, அந்த வாசலில் போய்க் குந்திக்கொண்டு அட்ரினலினை உள்ளே விடாமல் மறிப்பது. இதயம் ஆறுதலாக அடிக்கும், பிரஷர் இறங்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். இளவயதில் சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியிலும் சில காலம் கற்பித்தவர். அஞ்சைனா என்றால் இதயத் தசைக்குப் போகிற இரத்தக் குழாய் ஒடுங்கி, தேவையான ஒக்சிஜன் கிடைக்காமல் வருகிற வலி. அந்தக் காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் பலர் அந்தக் குழாயை விரித்து இரத்தத்தைக் கூட்டுவது எப்படி என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பிளாக் கணக்கை மறுபக்கத்திலிருந்து பார்த்தார். வரவைக் கூட்ட முடியாவிட்டால் செலவைக் குறைக்கலாமே. இதயத்தின் வேலையைக் குறைத்தால் அதற்கு வேண்டிய ஒக்சிஜனும் குறையும். அப்படி 1960களில் ப்ரோப்ரனலோல் வந்தது. 1988இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நாட்டிலிருந்து காசு அனுப்பச் சொல்லிக் கேட்காமல், இருக்கிற காசில் குடும்பம் நடத்துகிற எங்கள் அம்மாமாரின் கெட்டித்தனம் மாதிரித்தான் இது.

இனி அந்த மூன்றாவது வசனம். மாதக்கணக்காக வாசலை மறித்து வைத்தால் உடம்பு சும்மா இருக்காது. "அட்ரினலின் உள்ளே வருவது குறைகிறதே" என்று இதயம் இன்னும் சில வாசல்களைத் திறந்து வைக்கும். குளிசை தொடரும்வரை அதனால் கரைச்சல் இல்லை. திடீரென்று நிறுத்தினால், பழைய வாசல், புது வாசல் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகிடக்கும். அட்ரினலின் உள்ளே பாயும். நாடி எகிறும், பிரஷர் ஏறும், அஞ்சைனா முன்னையை விட மோசமாக வரும். ஏற்கெனவே இதயக் குழாய் ஒடுங்கியவருக்கு மாரடைப்பே வரலாம். நிறுத்திய அன்றே இது வர வேண்டும் என்றில்லை. சில நாள் கழித்தும் வரலாம். அப்பாவுக்கு ஐந்தாம் நாள் வந்தது.

இந்தக் குளிசையை நிறுத்தவே முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை. நிறுத்த வேண்டிய தேவை வந்தால் டொக்டர் அளவைப் படிப்படியாக, கிழமைக் கணக்கில் குறைப்பார். நாங்களாக ஒருநாள் காலமை முடிவெடுக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒருநாள் மறந்துபோனால் பயப்படத் தேவையில்லை. அன்றைக்கே ஞாபகம் வந்தால் போடலாம். அடுத்த குளிசைக்கு நேரம் கிட்டிவிட்டதென்றால் விட்டுவிட்டு அடுத்ததைப் போட வேண்டும். இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது.

அந்த 48 பற்றியும் டொக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். பீட்டா புளொக்கர் எடுப்பவரின் நாடி குறைவாக இருப்பது மருந்து வேலை செய்வதன் அடையாளம். அஞ்சைனாக்காரருக்கு ஓய்வில் 55, 60 அளவில் இருப்பதையே விரும்புவார்களாம். ஆழ்ந்த நித்திரையில் அது இன்னும் கொஞ்சம் இறங்கும். ஆனால் விழித்திருக்கும்போதும் 50க்குக் கீழே நின்றாலோ, தலைசுற்று, மயக்கம், மூச்சு வாங்குதல் கூட வந்தாலோ உடனே டொக்டருக்குச் சொல்ல வேண்டும். எண்ணை மட்டும் பார்க்காமல் ஆளையும் பாருங்கள் என்றார். நாள் முழுக்க எண்களோடு வேலை செய்கிற எனக்கு அது தேவையான பேச்சு.

எங்கள் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டிய சில விஷயங்களும் இருக்கின்றன.

முதலாவது, பெயர். இந்த வகைக் குளிசைகளின் மருந்துப் பெயர் பெரும்பாலும் "லோல்" என்று முடியும். அட்டெனலோல், பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல், ப்ரோப்ரனலோல், கார்வெடிலோல். பெட்டியில் பெரிதாக இருக்கும் கம்பனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர் மாறாது. ஊருக்குப் போய் வரும்போது கொழும்பிலோ சென்னையிலோ ஒரு டொக்டர் அட்டெனலோல் கொடுத்திருப்பார், இங்கே ஜிபி பிசோப்ரோலோல் கொடுத்திருப்பார். நிறமும் பெட்டியும் வேறு என்பதால் இரண்டையும் போடுகிறவர்கள் இருப்பார்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்கிற குளிசை. நாடி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இன்றைக்கே அம்மா அப்பாவின் மருந்துப் பையை மேசையில் கொட்டி, எத்தனை "லோல்" இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் நீங்களாக ஒன்றைத் தூக்கி எறியாமல் பார்மசிக்காரரிடம் கொண்டுபோங்கள்.

இரண்டாவது, சலரோகம். எங்கள் ஆட்களில் பிரஷரும் சலரோகமும் சோடியாகத்தான் வரும். இன்சுலின் அல்லது சீனியை இறக்குகிற சில குளிசைகள் எடுப்பவருக்குச் சீனி அளவுக்கு மீறி இறங்கினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அந்த அறிகுறிகளைப் பீட்டா புளொக்கர் மறைத்துவிடும். வியர்வை பெரும்பாலும் மறையாது. ஆகவே காரணமில்லாமல் வேர்த்தால் சீனியைச் சோதித்துப் பாருங்கள்.

மூன்றாவது, ஆஸ்துமா. நுரையீரல் குழாய்களிலும் பீட்டா வாசல்கள் உண்டு. அவற்றை மறித்தால் மூச்சுக்குழாய் இறுகும். ப்ரோப்ரனலோல் இதில் மிக மோசம். ஆஸ்துமா இருப்பவர் அதை டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இது எங்கள் வயதுக்காரருக்கும் பொருந்தும், ஏனென்றால் ஒற்றைத் தலைவலிக்கும், பதற்றத்தில் வருகிற படபடப்புக்கும் ப்ரோப்ரனலோல் கொடுக்கிறார்கள். "எனக்கு நல்லா வேலை செய்யுது, நீங்களும் ஒண்டு போட்டுப் பாருங்கோ" என்று கலியாண வீட்டில் குளிசை மாற்றிக்கொள்கிற பழக்கத்தை இதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அளவு மீறினால் மிகவும் ஆபத்தான மருந்து என்பதால் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அம்மப்பாவின் கட்டில் மேசை எட்டுகிற இடம்தான்.

நான்காவது, களைப்பு. இந்தக் குளிசை போடுகிற சிலருக்குக் களைப்பு வரும், கை கால் குளிரும், விசித்திரமான கனவுகள் வரும், ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் சிரமம் வரலாம். இதை எந்த அப்பா மகளிடம் சொல்லுவார்? சொல்ல மாட்டார், பேசாமல் குளிசையை நிறுத்துவார். இதற்காகத்தான் எப்போதும் மகளோ மகனோ மொழிபெயர்க்கக் கூடாது. பிரித்தானியாவில் ஜிபியிடமும் ஆஸ்பத்திரியிலும் முன்கூட்டியே கேட்டால் காசில்லாமல் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வார்கள். நான் இத்தனை வருடமாகக் கேட்டதில்லை. கேட்டால் என் வேலையை நானே குறை சொல்வது போல ஒரு நினைப்பு.

இன்னொன்று. இணையத்தில் தேடினால் "பிரஷருக்குப் பீட்டா புளொக்கர் இப்போது முதல் மருந்து இல்லை" என்று வரும். உண்மைதான். இங்கிலாந்தில் 2006இல் வழிகாட்டல் மாறியது. பிரஷர் மட்டும் இருப்பவருக்கு வேறு வகைக் குளிசைகளில்தான் இப்போது தொடங்குவார்கள். பக்கவாதத்தைத் தடுப்பதில் அவை மேல் என்று தெரிய வந்தது ஒரு காரணம். ஆனால் அஞ்சைனா, இதயச் செயலிழப்பு, இதயத்துடிப்பு ஒழுங்கீனம் போன்றவற்றுக்குப் பீட்டா புளொக்கர் இன்றைக்கும் முக்கியமான மருந்து. அதைப் படித்துவிட்டு "இது பழைய மருந்தாம், விடுங்கோ அப்பா" என்று சொல்லிவிடாதீர்கள். எதற்காகக் கொடுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

அப்பாவை ஒரு இரவு வைத்திருந்தார்கள். மாரடைப்பா என்று பார்க்கிற ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் இரண்டு தரம் செய்தார்கள். இரண்டும் சரியாக இருந்தன. தப்பிவிட்டார். குளிசையைக் குறைந்த அளவில் திரும்பத் தொடங்கி, பிறகு பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். வெளியே விடும்போது டொக்டர் சொன்னதை இந்த முறை நான் ஃபோனில் எழுதி, ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன். சொல்லி முடித்ததும், "அப்பா, இப்ப நீங்கள் எனக்குத் திருப்பிச் சொல்லுங்கோ" என்றேன். வேலையில் நாங்கள் அனுப்புகிற தகவல் போய்ச் சேர்ந்தது என்று மறுபக்கத்திலிருந்து பதில் வராவிட்டால், சேரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வோம். அப்பாவிடம் மட்டும் இத்தனை வருடம் அதைச் செய்யவில்லை.

அப்பாவுக்கு முதலில் ரோசம் வந்தது. "நான் என்ன சின்னப் பிள்ளையோ?" பிறகு சொன்னார். "உந்தக் குளிசையைத் திடீரெண்டு நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டினால் இதயம் துள்ளும். ஏதும் எண்டால் டொக்டரிட்டைக் கேக்க வேணும்." கொஞ்சம் பொறுத்து, "உன்னட்டையும் சொல்ல வேணும்" என்றார்.

மணிக்கூடு இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. அதன் அளவை டொக்டரிடம் கேட்டு மாற்றியிருக்கிறேன். ஸ்ப்ரே இப்போது சேட்டுப் பையில் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. குளிசையின் பெயர், அளவு, எதற்காக, என்ன செய்யக் கூடாது என்று நான் சொல்லச் சொல்லத் தம்பி தமிழில் எழுதியது. "திடிரென்று" என்று எழுதியிருந்தான். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, சிவப்புப் பேனையால் அதைத் "திடீரென்று" என்று திருத்தினார்.

"இதுக்குத் தமிழ்ப் பள்ளியிலை மார்க்ஸ் தருவினமோ?" என்று தம்பி கேட்டான்.

"தராயினம்," என்றார் அப்பா. "நான் தாறன்."